ப்ளூஸ் கேட்கப் பழகுவது: பன்னிரண்டு பார், மூன்று வரி

காலால் தரையைத் தட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து 48 வரை எண்ணிப் பாருங்கள். ஓட்டமும் வேண்டாம், இழுவையும் வேண்டாம்; சாவகாசமாக நடக்கிற வேகம் போதும். முடிக்க அரை நிமிடம் ஆகும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்து ப்ளூஸ் என்று அழைக்கப்படுகிற இசையில் பெரும்பகுதி இந்த அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 48 தட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, அதே 48. பாடுகிறவர் மாறுவார், ஊர் மாறும், மரக் கிட்டார் போய் மின்சாரக் கிட்டார் வரும். எண்ணிக்கை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

"இவ்வளவுதானா? ஒரே பாட்டையா நூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்?" என்று தோன்றினால் தப்பில்லை. ப்ளூஸ் பிடிக்காதவர்கள் சொல்லும் முதல் புகார் அதுதான். பிடித்தவர்களுக்குப் பித்துப் பிடிப்பதும் அதே இடத்தில்தான். வெண்பாவுக்கும் கட்டு ஒன்றுதான். அதற்காக எல்லா வெண்பாவும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. கட்டு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் உள்ளே ஒருவர் என்ன செய்கிறார் என்பது காதில் விழுகிறது.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்ற எண்ணம் பரவலாக உண்டு. என்னைக் கேட்டால் அது பாதிக்கும் குறைவான உண்மை. இது ஆடுவதற்காக உருவான இசை. சனிக்கிழமை இரவில், கொதிக்கிற எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருக்க, தகரக் கூரைக்குக் கீழே நூறு பேர் ஆடிய இசை. துக்கம் உள்ளே இருந்தது, உண்மைதான். ஆனால் துக்கத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பதுதான் பாடகரின் கெட்டிக்காரத்தனம். அது எப்படி நடக்கிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

மூன்று வரி

48 தட்டை நாலு நாலாகப் பிரித்தால் 12 கட்டம் வரும். ஒரு கட்டத்துக்குப் பெயர் பார். அதனால்தான் இந்த அமைப்பைப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்கிறார்கள். அந்த 12 பாரை மூன்று வரியாகப் பகிர்ந்தால் வரிக்கு நாலு பார். முதல் வரியில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வரியில் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். மூன்றாம் வரியில் அதற்கு ஒரு பதில் வர வேண்டும், முதல் வரியோடு இயைபாக. ஏற்கெனவே உள்ள பாட்டு எதையும் எடுக்காமல், விளக்கத்துக்காக நானே ஒன்று கட்டித் தருகிறேன்:

ராத்திரி ரயிலு போயிருச்சு, பிளாட்பாரத்துல நான் நிக்கிறேன்
ஆமா, அந்த ராத்திரி ரயிலு போயிருச்சு, பிளாட்பாரத்துல நான் நிக்கிறேன்
ரெண்டு டிக்கெட்டு கையில இருக்கு, ஒண்ணப் பாதி விலைக்கு விக்கிறேன்

முதல் வரியைக் கேட்டதும், அடுத்து என்ன என்று மனசு எட்டிப் பார்க்கிறது. இரண்டாம் வரி அதைச் சொல்லாமல் இழுத்தடிக்கிறது. மூன்றாவதில் அவள் வரவில்லை என்பதும் புரிகிறது, இவன் அழுதுகொண்டு நிற்கப்போகிற ஆள் இல்லை என்பதும் புரிகிறது. மேடையில் அப்போதைக்கு அப்போது பாட்டுக் கட்டுகிறவருக்கு இந்தத் திரும்பச் சொல்லலில் இன்னொரு லாபம் உண்டு: இரண்டாவது வரியைப் பாடும்போதே மூன்றாவதை யோசித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரியும் நாலு பார் என்றாலும், குரல் அந்த நாலையும் நிரப்புவதில்லை. சுமார் இரண்டரை பாருக்குள் சொற்கள் தீர்ந்துவிடும். மிச்ச இடம் கிட்டாருக்கு, அல்லது பியானோவுக்கு, அல்லது மவுத் ஆர்கனுக்கு. குரல் ஒன்று சொல்கிறது, வாத்தியம் அதற்குப் பதில் சொல்கிறது. வயலிலும் ரயில் பாதையிலும் கறுப்பின உழைப்பாளிகள் பாடிய வேலைப் பாட்டுகளில் ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடும். ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களோடு வந்த வழக்கம் அது. ப்ளூஸில் கூட்டத்தின் இடத்துக்குக் கிட்டார் வந்துவிட்டது. புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகரும் கிட்டார்காரருமான பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். வரி முடிந்த பிறகுதான் விரல் அசையும். அவருடைய கிட்டாருக்கு லூசில் என்று பெயர். 1949-ல் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். குளிர் காய வைத்திருந்த மண்ணெண்ணெய் எரிந்த பீப்பாய் கவிழ்ந்து கூடம் தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்த கிங், கிட்டாரை எடுக்க மறுபடி உள்ளே ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக நடந்தது என்று மறுநாள் தெரிந்ததாம். இனி இப்படிப்பட்ட முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் அந்தப் பெயர் என்பார் அவர்.

தரை நகர்கிறது

இனிக் கொஞ்சம் சுரம். கர்நாடக இசையில் தம்புரா கச்சேரி முழுக்க ஒரே ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ப்ளூஸில் அந்த ஆதாரமே இடம் மாறும். மூன்று இடங்கள்தான்: ச, ம, ப. ஒவ்வொன்றின் மேலும் சில சுரங்களை அடுக்கி ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கார்ட் என்கிறோம். முதல் நாலு பார் ச கார்ட். ஐந்தும் ஆறும் ம. ஏழும் எட்டும் மறுபடி ச. ஒன்பதாவதில் ப, பத்தாவதில் ம, கடைசி இரண்டும் ச. பன்னிரண்டாவது பாரின் முடிவில் மறுபடி ப-வை ஒரு தொடு தொட்டால், அடுத்த சுற்றுக்கு வாசல் திறந்தது போல ஆகிவிடும்.

இரண்டாம் வரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். ஐந்தாவது பாரில், அதாவது தரை ம-வுக்கு நகர்ந்த அதே கணத்தில். சொற்கள் அதேதான், மெட்டும் ஏறக்குறைய அதேதான், ஆனால் காதில் வேறாக ஒலிக்கிறது. ஏன்?

ப்ளூஸ் பாடகர் பெரும்பாலும் பயன்படுத்துகிற சுரங்கள் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி ராகம் தெரிந்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். அதே ஐந்து சுரங்கள். அதோடு பிரதி மத்தியமத்தை அவ்வப்போது உரசிவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் கீழே ஒலிக்கிற ச கார்டில் இருப்பது, சாதாரண காந்தாரத்துக்கு ஒரு படி மேலே உள்ள அந்தர காந்தாரம். மேலே பாடகர் சாதாரண காந்தாரத்தில் நிற்கிறார், கீழே கிட்டார் அந்தர காந்தாரத்தை வைத்திருக்கிறது. இரண்டும் உரசுகின்றன. பாடகர் சில சமயம் இரண்டுக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்பார். ப்ளூஸ் சுரம் என்று பெயர் வாங்கிய சுரங்களில் முதன்மையானது இதுதான். அந்த வலி, அந்தக் கரகரப்பு, எல்லாம் இந்த உரசலில்தான் இருக்கிறது.

ஐந்தாவது பாரில் தரை ம-வுக்கு நகர்ந்ததும், ப்ளூஸில் வழக்கமாக வாசிக்கும் ம கார்டிலேயே சாதாரண காந்தாரம் வந்துவிடுகிறது. முதல் வரியில் முரண்டு பிடித்த அதே சுரம் இரண்டாம் வரியில் வீடு வந்து சேர்ந்ததுபோல் பொருந்துகிறது. இதை ஒரு தடவை காதால் பிடித்துவிட்டால், "ஒரே வரியை ஏன் ரெண்டு தடவை பாடுகிறார்கள்?" என்று அதற்குப் பிறகு கேட்க மாட்டீர்கள்.

நடுச் சுரங்களைப் பிடிக்க வாத்தியக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை. கிட்டாரில் தந்தியை விரலால் ஓரமாகத் தள்ளி வளைக்கிறார்கள். இல்லையென்றால் உடைத்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு, அல்லது பேனாக்கத்தியை வைத்துத் தந்தியின் மேல் வழுக்குகிறார்கள். கிட்டார் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதில் பாட்டிலை உருட்டிப் பழகினார்கள். பியானோவில் வளைக்க முடியாதே. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கி அடித்தார்கள்.

மவுத் ஆர்கன்காரர்களின் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊதும்போது வரும் சுரங்களைவிட மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் சுரங்கள் நன்றாக வளையும். அதனால் வேண்டுமென்றே வேறு சுருதி வாத்தியத்தை எடுப்பார்கள். கிட்டார் ஈ சுருதியில் இருந்தால் இவர் கையில் ஏ சுருதி மவுத் ஆர்கன். அப்போது ஆதார சட்ஜமே இழுமூச்சில் விழும். ஜெர்மனியில் நாட்டுப் பாடல்கள் வாசிக்கச் செய்த ஒரு மலிவுப் பொருள், இப்படித் தலைகீழாகப் பயன்படுத்தியதும் மனிதக் குரலில் அழ ஆரம்பித்துவிட்டது.

தாளத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஒவ்வொரு தட்டையும் சரிபாதியாக வெட்டாமல் "தகிட" என்று மூன்றாக வெட்டி, முதல் இரண்டையும் சேர்த்துவிட்டால் "தா-ட, தா-ட" என்று நொண்டுகிற ஒரு நடை வரும். ஷஃபிள் என்பது அதுதான். தோள் தானாக ஆட ஆரம்பித்தால் சரியாகக் கேட்கிறீர்கள்.

பருத்தியும் சனிக்கிழமையும்

மிசிசிப்பி டெல்டா என்று சொன்னால் ஆறு கடலில் கலக்கும் இடம் நினைவுக்கு வரும். ப்ளூஸ்காரர்கள் சொல்லும் டெல்டா அதுவல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான கரிசல் சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தி. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. முன்னாள் அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு உழுதார்கள். விதை, கோவேறு கழுதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில், கணக்கு நோட்டு வைத்திருந்தவர் சொன்னதுதான் கணக்கு. எதிர்த்துக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. பள்ளி, ரயில் பெட்டி, தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றிலும் நிறத்தின் பெயரால் பிரித்து வைத்த சட்டங்கள் வேறு.

இந்த வாரம் முழுவதையும் இறக்கி வைக்க இருந்தது சனிக்கிழமை இரவு ஒன்றுதான். ஜூக் ஜாயின்ட் என்று பெயர் பெற்ற குடிசைகளில் கள்ளச்சாராயம், சூதாட்டம், ஆட்டம். மைக் கிடையாது. ஆடுகிறவர்களின் காலடிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், கட்டை விரலால் அடித் தந்தியை மத்தளம்போல் அடிக்க வேண்டும். டாக்கரி பண்ணையில் வளர்ந்த சார்லி பேட்டனின் இசைத்தட்டுகளைக் கேட்டால் இது புரியும். சின்ன உருவம், குரலோ கரடுமுரடான பாறை. கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், கால்களுக்கு நடுவே விட்டு வாசிப்பார். பிற்பாடு ராக் கிட்டார்காரர்கள் செய்து பெயர் வாங்கிய வித்தைகள் இந்தக் குடிசைகளில் எப்போதோ அரங்கேறியவை. மறுநாள் காலை தேவாலயத்தில் இதையே சாத்தானின் இசை என்று போதகர் திட்டுவார். சன் ஹவுஸ் போன்றவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள்: ஒரு காலத்தில் பிரசங்கி, இன்னொரு காலத்தில் ப்ளூஸ்காரர், கடைசி வரை இரண்டுக்கும் நடுவே இழுபட்டவர்.

இந்த இசை எந்த நாளில் பிறந்தது என்று சொல்ல முடியாது. எழுதி வைக்கிற இடத்தில் அது பிறக்கவில்லை. படித்த இசைக்கலைஞர் ஒருவர் அதைக் கேட்டு அதிர்ந்துபோனதற்கு மட்டும் ஒரு சாட்சி உண்டு. 1903 வாக்கில் டெல்டாவின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்துத் தூங்கிப்போன டபிள்யூ.சி. ஹேண்டி விழித்தபோது, கந்தல் உடையில் ஒருவர் கத்தியால் கிட்டார் தந்தியை வழுக்கியபடி, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓர் ஊருக்குப் போவதைப் பற்றி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். தான் அதுவரை கேட்டவற்றில் இதுதான் மிக விநோதமான இசை என்று ஹேண்டி பிறகு எழுதினார். 1914-ல் அவர் வெளியிட்ட "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" உலகம் சுற்றியது. கந்தல் உடைக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது.

முதலில் வந்தது பெண்கள்

எனக்கு ஒரு கோபம் உண்டு. ப்ளூஸ் வரலாறு என்றாலே, கிட்டாரும் கையுமாகத் தனியாக நடந்து போகும் ஓர் ஆணின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இசைத்தட்டில் ப்ளூஸைப் பாடி விற்றுக் காட்டியவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில், ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய "கிரேஸி ப்ளூஸ்" விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. தொடர்ந்து மா ரெய்னி வந்தார். கூடார நிகழ்ச்சிகளில் பாடி வளர்ந்தவர், தங்க நாணய மாலை அணிந்து மேடையேறியவர், 1923 முதல் 1928-க்குள் நூறு பாட்டுக்குப் பக்கமாகப் பதிவு செய்தவர். பிறகு பெஸ்ஸி ஸ்மித். இவர்கள் காலத்து இசையைத்தான் கிளாசிக் ப்ளூஸ் என்கிறார்கள். கூடவே பியானோவும் ஜாஸ் குழுவும் இருக்கும். தனி ஆண் கிட்டார்காரர்களைக் கம்பெனிகள் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். டெக்சாஸின் பார்வையற்ற பாடகர் ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1926-ல் பதிவு செய்து பெயர் பெற்றார்.

பெஸ்ஸி ஸ்மித் 1925-ல் பாடிய "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" பதிவில் அவருக்குப் பதில் சொல்வது ஜாஸ் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், ட்ரம்பெட் போன்ற ஓர் ஊதுகருவி. மேலே சொன்ன கேள்வியும் பதிலும் என்ற விஷயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. 1927 பிப்ரவரியில் அவர் வெள்ளத்தைப் பற்றி "பேக்வாட்டர் ப்ளூஸ்" பாடினார்; சில வாரங்களில் மிசிசிப்பி ஆறு கரை உடைத்து, அமெரிக்கா கண்ட பெரும் வெள்ளங்களில் ஒன்று வந்தது. வீடிழந்தவர்களுக்கு அந்தப் பாட்டு தங்கள் பாட்டாகிவிட்டது. 1937-ல் டெல்டாவின் க்ளார்க்ஸ்டேல் நகருக்கு அருகே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. கல்லறைக்குப் பெயர்க்கல் 1970-ல்தான் வந்தது. செலவில் பங்கேற்றவர்களில் ஒருவர் பாடகி ஜானிஸ் ஜாப்ளின்.

மா ரெய்னி, ஜெஃபர்சன், பேட்டன் மூவரையும் வெளியிட்ட பாராமவுண்ட் என்ற கம்பெனியை நடத்தியது யார் தெரியுமா? விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலை. கிராமபோன் பெட்டி செய்து விற்றவர்கள், பெட்டி விற்க இசைத்தட்டும் வேண்டுமே என்று அதிலும் இறங்கினார்கள். மலிவுக் கலவையில் அச்சடித்ததால் அவர்கள் தட்டுகளில் இரைச்சல் அதிகம். முதல் முறை கேட்பவருக்கு மழைச் சத்தத்துக்குப் பின்னால் யாரோ பாடுவதுபோல இருக்கும். பழகிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். அரை நிமிடச் சுற்று ஆறு. அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலும் ஐந்தாறு பாட்டடி இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த நாற்சந்திக் கதை

டெல்டா ப்ளூஸ்காரர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். க்ளார்க்ஸ்டேலில் 61-ஆம் நெடுஞ்சாலையும் 49-ஆம் நெடுஞ்சாலையும் சந்தித்த இடத்தில் கிட்டார் சிலை வைத்துச் சுற்றுலாவும் நடக்கிறது. இதே கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றித்தான் சொல்லப்பட்டது. ராபர்ட் கொஞ்ச காலம் டெல்டாவை விட்டுத் தன் பிறந்த ஊர்ப் பக்கம் போய், ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்காரரிடம் பழகினார். யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று இருவரும் ராத்திரியில் இடுகாட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்று ஸிம்மர்மன் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வாத்தியாரும் ராப்பகலான பயிற்சியும் கிடைத்த பையன் திரும்பி வந்து எல்லோரையும் வாயடைக்க வைத்தான். இதற்குச் சாத்தான் எதற்கு?

சாத்தான் கதை பிடிக்காததற்குக் காரணம், அது ஜான்சனின் உழைப்பைத் திருடிக்கொள்கிறது. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் மொத்தம் 29 பாட்டுகள் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 27 வயதில், க்ரீன்வுட் அருகே இறந்துபோனார். ஒரே கிட்டாரில் அடித்தந்தி ஓட்டம், நடுவில் கார்ட், மேலே வழுக்கல் மூன்றையும் அவர் சேர்த்து நடத்துவதைக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

வடக்கே போகும் ரயில்

இருபதாம் நூற்றாண்டில் சுமார் அறுபது லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். டெல்டாவிலிருந்து ரயில் ஏறினால் பாதை நேராக சிகாகோவுக்குப் போகும். 1941-ல் நாட்டுப் பாடல் சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ், ஸ்டோவல் பண்ணையில் ஒரு டிராக்டர் ஓட்டுநரைப் பாட வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். தன் குரலைத் தானே கேட்ட அந்த மனிதருக்கு, தானும் ஒரு பாடகன்தான் என்ற நம்பிக்கை வந்தது. 1943-ல் சிகாகோவுக்குப் போனார். அவர்தான் மட்டி வாட்டர்ஸ். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை என்று மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். டிரம்ஸ், பியானோ, மவுத் ஆர்கன் எல்லாம் சேர்ந்தன. லிட்டில் வால்டர் மவுத் ஆர்கனையும் மைக்கையும் ஒரே உள்ளங்கைக்குள் பொத்தி ஊதி, சாக்ஸபோன்போல ஒரு பெருங்குரலை வரவழைத்தார். செஸ் சகோதரர்களின் சிறிய கம்பெனி இதையெல்லாம் தட்டில் ஏற்றியது.

ஊரில் இருந்தவர்களுக்கு ரேடியோ. ஆர்கன்சாவின் ஹெலினா நகரில் 1941-ல் தொடங்கிய "கிங் பிஸ்கட் டைம்" என்ற கால் மணி நேர நிகழ்ச்சி, ஒரு மாவு கம்பெனியின் விளம்பரத்துக்காக, வயலில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒலித்தது. மவுத் ஆர்கன் மேதை சன்னி பாய் வில்லியம்சன் அதில் நேரலையில் வாசித்தார். மாவுக்கு அவர் பெயரையே வைத்து விற்றார்கள்.

பன்னிரண்டு பார் என்பதை எல்லோரும் கும்பிட்டுப் பின்பற்றினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜான் லீ ஹூக்கர் 1948-ல் டெட்ராய்டில் பதிவு செய்த "பூகி சில்லன்" ஒரே கார்டில் நிற்கிறது. கூட ஒலிப்பது பலகையில் தட்டும் அவர் கால் மட்டுமே. அவருக்குத் தோன்றும்போதுதான் பார் முடியும். கூட வாசிக்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தது.

கடிதம் போட்டுக் கண்டுபிடித்த பாடகர்கள்

ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1950-களில் கறுப்பின இளைஞர்கள் வேறு இசைக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது, பழைய இசைத்தட்டுகளுக்காகத் தெற்கே வீடு வீடாகக் கதவைத் தட்டியது வெள்ளைக்கார இளைஞர் கூட்டம் ஒன்று. பாடியவர்கள் எல்லாம் செத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள், பாட்டு வரிகளையே துப்பாக எடுத்துக்கொண்டு தேடினார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் ஒரு பாட்டில் அவலான் தன் ஊர் என்று பாடியிருந்தார். அந்தப் பெயரை வரைபடத்தில் பிடித்து 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் அங்கே போனால், மனிதர் மாடு மேய்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அதே ஆண்டு ஜான் ஃபேஹி, "புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர், அபர்தீன், மிசிசிப்பி" என்று உறையில் எழுதித் தபாலில் போட்டார். அபர்தீன் பற்றி அவர் ஒரு பாட்டுப் பாடியிருந்தார், அவ்வளவுதான் ஆதாரம். கடிதம் போய்ச் சேர்ந்தது! 1964-ல் ராச்செஸ்டர் நகரில் கிடைத்த சன் ஹவுஸ் பல ஆண்டுகளாகக் கிட்டாரைத் தொடவே இல்லை. ஆலன் வில்சன் என்ற இளைஞர், சன் ஹவுஸின் பழைய பாட்டுகளை அவருக்கே வாசித்துக் காட்டி நினைவுபடுத்தினார்.

இந்தத் தேடலில் அன்பும் இருந்தது, குருட்டுத்தனமும் இருந்தது. எவ்வளவு அரிதான தட்டோ அவ்வளவு உயர்ந்த இசை என்று சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். லட்சக்கணக்கில் விற்ற பெஸ்ஸி ஸ்மித் அவர்கள் கண்ணில் சற்று மட்டம்; ஓரிரு பிரதிகளே மிஞ்சிய தனிக் கிட்டார்காரர் மகா மேதை. முன்னால் நான் கோபப்பட்ட அந்தப் படம் இங்கேதான் வரையப்பட்டது.

கடல் தாண்டி இங்கிலாந்திலும் பித்துப் பிடித்தது. மட்டி வாட்டர்ஸின் பாட்டுப் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்ட ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ், 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அழைக்கப்பட்டபோது சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபையும் மேடையேற்றி, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். எல்லோரும் அவ்வளவு மரியாதையாக நடக்கவில்லை. சிகாகோவின் பெரும் பாடலாசிரியர் வில்லி டிக்சன் தன் வரிகளுக்காக லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு மீது வழக்குப் போட்டுத்தான் உரிமையை வாங்கினார். அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை இன்று பழைய செஸ் கட்டடத்தில், தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண்ணில் இருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது

கணக்குப் பழக லிட்டில் வால்டரின் "ஜூக்" (1952). பாட்டு வரி கிடையாது, அதனால் கவனம் சிதறாது. தரை எப்போது நகர்கிறது என்பதை மட்டும் பிடியுங்கள். பிறகு பெஸ்ஸி ஸ்மித்தின் இரண்டு பாட்டுகள், மேலே சொன்னவை. கேட்பவர்கள் எப்படி பாடகரோடு பேசுகிறார்கள் என்று தெரிய, 1964-ல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான பி.பி. கிங்கின் "லைவ் அட் தி ரீகல்". ஒவ்வொரு மூன்றாம் வரிக்கும் அரங்கமே கூச்சல் போடும். உடம்பில் மின்சாரம் பாய வேண்டுமென்றால் ஹவுலின் வுல்ஃபின் "ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்"; அதில் பன்னிரண்டைத் தேடாதீர்கள், கார்ட் மாறவே மாறாது.

நேரில் கேட்க ஆசையிருந்தால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மும்பையில் 2011-ல் தொடங்கிய மஹிந்திரா ப்ளூஸ் விழாவின் முதல் ஆண்டிலேயே சிகாகோ கிட்டார்காரர் பட்டி கை வந்து வாசித்தார். ஷில்லாங்கின் சோல்மேட் குழுவில் டிப்ரிட்டி கர்பங்கர் பாடுவதைக் கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்கிப் ஜேம்ஸ் 1931-ல் பாடிய "டெவில் காட் மை வுமன்" மட்டும் ஆரம்பத்திலேயே வேண்டாம். மெலிந்த குரல், வேறு மாதிரி சுருதி கூட்டிய கிட்டார், நாற்காலிக் கம்பெனியின் இரைச்சல். மற்றவையெல்லாம் காதில் பழகட்டும். ஒரு மாதம் கழித்து, வீட்டில் மற்றவர்கள் தூங்கிய பிறகு ஹெட்போனில் போட்டுக்கொள்ளுங்கள்.